செவிலியர் கையில் அக்குபஞ்சர் ஊசி: அங்கீகாரம் உண்டு, எல்லைக்கோடு எங்கே?

புதுதில்லி: இந்திய சுகாதாரத் துறையில் அண்மை ஆண்டுகளில் இரண்டு மாற்றங்கள் தனித்தனிப் பாதைகளில் நிகழ்ந்துள்ளன. ஒருபுறம், மருத்துவர் சொல்வதை நிறைவேற்றுபவராக மட்டுமே பார்க்கப்பட்டு வந்த செவிலியருக்கு, மேற்பயிற்சியின் பேரில் சில முடிவுகளைத் தாமே எடுக்கும் பொறுப்பைத் தரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற நிலை உருவாக்கப்பட்டுள்ளது. மறுபுறம், அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாட்டின் பல பகுதிகளில் புழங்கி வந்த அக்குபஞ்சர், 2019இல் மத்திய அரசால் தனித்த சிகிச்சை முறையாக அங்கீகரிக்கப்பட்டது.

இவ்விரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பதிவுபெற்ற செவிலியர் ஒருவர், அதிலும் நர்ஸ் பிராக்டிஷனர் நிலையை எட்டிய ஒருவர், அக்குபஞ்சரையும் முறையாகப் பயின்று இரண்டையும் ஒரே தொழிலாக இணைத்து நடத்தலாமா? அமெரிக்காவில் இதற்குச் சட்டமும் காப்பீட்டு விதிகளும் ஓரளவு தெளிவான விடை தந்துள்ளன. இந்தியாவில் விடை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுபெற்ற செவிலியர்களைக் கொண்ட நாட்டில் இது ஒரு சிறு குழுவின் தொழில் ஆசை மட்டுமல்ல. நாள்பட்ட வலியுடன் வாழும் நோயாளி யாரை நம்பி உடலை ஒப்படைக்கலாம் என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

யார் இந்த நர்ஸ் பிராக்டிஷனர்?

1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை நல மருத்துவர் ஹென்றி சில்வரும் இணைந்து தொடங்கிய பயிற்சியே இத்தொழிலின் தொடக்கம். மருத்துவர் கிடைக்காத ஊர்களில் குழந்தைகளைப் பரிசோதிக்கவும், எளிய நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கவும் அனுபவமுள்ள செவிலியர்களைத் தயார்ப்படுத்துவது அதன் நோக்கம். இன்று அந்நாட்டில் முதுநிலை அல்லது முனைவர் நிலைப் படிப்பை முடித்த செவிலியர்களே இப்பொறுப்பை ஏற்கின்றனர். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வை இன்றியே அவர்கள் நோயாளிகளைப் பார்த்து மருந்தும் எழுதலாம்.

இந்தியாவின் கதை வேறு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த 'தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற இரண்டாண்டு முதுநிலை உறைவிடப் பயிற்சி, பி.எஸ்சி. நர்சிங் முடித்து மருத்துவமனை அனுபவமும் பெற்றவர்களுக்கானது. பெயருக்கேற்ப இது தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கையோரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. வகுக்கப்பட்ட நெறிமுறைகளுக்கு உட்பட்டே இவர்கள் முடிவெடுக்க முடியும். அடுத்து, 2018இல் வெளியான மத்திய அரசின் மகப்பேறு சேவை வழிகாட்டுதல்கள் 18 மாதப் பயிற்சி பெற்ற 'மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற நிலையை அறிமுகப்படுத்தின. இயல்பான பிரசவங்களைப் பொறுப்பேற்றுக் கவனிப்பது இவர்களின் பணி.

ஆக, அமெரிக்காவில் இருப்பதுபோல் தெருமுனையில் கிளினிக் வைத்து முதுகுவலிக்கும் சர்க்கரை நோய்க்கும் சிகிச்சை அளிக்கும் பொதுநல நர்ஸ் பிராக்டிஷனர் என்ற நிலை இந்தியாவில் பரவலாக இல்லை. ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாற்றப்பட்ட நலவாழ்வு மையங்களில் பணிபுரியும் சமுதாய சுகாதார அலுவலர்களே அதற்கு ஓரளவு நெருங்கி வருபவர்கள். அவர்களில் பெரும்பாலோர் செவிலியர் பின்னணி கொண்டவர்கள். அக்குபஞ்சர் பற்றிய விவாதத்தில் இந்த வேறுபாட்டை மறந்துவிட முடியாது. அமெரிக்கச் செவிலியருக்குப் பொருந்தும் விடையை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட இயலாது.

கொல்கத்தா வழியாக வந்த ஊசி

அக்குபஞ்சர் இந்தியாவுக்குள் வந்ததற்கு ஒரு போர்க்கால வரலாறு உண்டு. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்ட சீனாவுக்கு உதவ, இந்திய தேசிய காங்கிரஸ் 1938இல் ஐந்து மருத்துவர்கள் கொண்ட குழுவை அனுப்பியது. அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942இல் சீனாவிலேயே உயிர்நீத்தார். நாடு திரும்பியவர்களில் ஒருவரான கொல்கத்தாவின் பிஜய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சர் பயின்று, அதை வங்காளத்தில் அறிமுகப்படுத்தினார். நவீன மருத்துவம் படித்த ஒருவர் தன் மருத்துவத்தோடு சேர்த்தே அக்குபஞ்சரையும் நடத்தினார் என்பது இங்கு கவனிக்க வேண்டிய செய்தி. இரட்டைத் தொழில் என்பது இந்திய அக்குபஞ்சரின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

மேற்கு வங்கம் 1996இலேயே அக்குபஞ்சருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மகாராஷ்டிரம் தனது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அக்குபஞ்சர் கவுன்சில் அமைக்க வழி செய்தது. இவ்விரு மாநிலங்களிலும் பதிவேடு, பாடத்திட்டம், தகுதி ஆகியவற்றுக்குச் சட்ட அடித்தளம் உண்டு.

மத்திய அரசின் நிலைப்பாடு படிப்படியாக உருவானது. 2003 நவம்பரில் சுகாதார அமைச்சகம் பிறப்பித்த ஆணை, அக்குபஞ்சரை முழு மருத்துவ முறையாக அல்லாமல் ஒரு சிகிச்சை வழிமுறையாக ஏற்றது. பதிவுபெற்ற மருத்துவர்களோ தகுந்த பயிற்சி பெற்ற பணியாளர்களோ அதை மேற்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளைச் சேர்ந்தவர்கள் மட்டுமே 'டாக்டர்' என்ற அடைமொழியைப் பயன்படுத்துவதை உறுதிசெய்யுமாறும் அந்த ஆணை மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பின்னர் 2019 பிப்ரவரியில் அக்குபஞ்சருக்குத் தனித்த அங்கீகாரம் வழங்கப்பட்டது.

'தகுந்த பயிற்சி' என்பது எது?

செவிலியரைப் பொறுத்தவரை விவாதத்தின் மையம் 2003 ஆணையில் உள்ள 'தகுந்த பயிற்சி பெற்ற பணியாளர்' என்ற தொடர்தான். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்த்தொற்றுத் தடுப்பு ஆகியவற்றை நான்காண்டுகள் படித்து, ஆயிரக்கணக்கான முறை நோயாளிக்கு ஊசி போட்ட அனுபவமுள்ள செவிலியர் அந்தத் தொடருக்குள் வரமாட்டார் என்று வாதிடுவது கடினம். அதேவேளையில், வார இறுதி வகுப்பு ஒன்றில் சான்றிதழ் வாங்கிய எவரும் அதே தொடரைக் காட்டி உரிமை கோரவும் இடமிருக்கிறது. எத்தனை மணிநேரம், எந்தப் பாடத்திட்டம், யார் நடத்தும் தேர்வு என்பன அத்தொடரில் இல்லை.

உலக சுகாதார அமைப்பு 1999இல் வெளியிட்ட பயிற்சி வழிகாட்டுதல்கள் இதற்கு ஓர் அளவுகோலைத் தருகின்றன. மருத்துவப் பின்னணி இல்லாதவர் முழுநேர அக்குபஞ்சர் நிபுணராவதற்கு 2,500 மணிநேரப் பயிற்சியை அது பரிந்துரைத்தது. தகுதிபெற்ற மருத்துவருக்கு முழுப் பயிற்சி 1,500 மணிநேரம். தன் துறைக்குள் ஒரு துணை உத்தியாக மட்டும் பயன்படுத்த விரும்பும் மருத்துவருக்குக் குறைந்தது 200 மணிநேரம். செவிலியரை இந்த ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம், 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டது. செவிலியர் கல்வியையும் தொழில்முறைத் தரத்தையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அந்த ஆணையத்துடையது. செவிலியரின் பணி எல்லையை வரையறுக்கும்போது துணைச் சிகிச்சைகள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லக்கூடிய இடம் இதுவே.

நீதிமன்றம் வரைந்த கோடு

ஒரு முறையில் பதிவுசெய்துவிட்டு மற்றொரு முறையில் சிகிச்சை அளிப்பவர்கள் குறித்து உச்ச நீதிமன்றம் கடுமையாகவே பேசியிருக்கிறது. ஹோமியோபதி தகுதி பெற்ற ஒருவர் அலோபதி மருந்துகளைக் கொடுத்த பின் நோயாளி உயிரிழந்த பூனம் வர்மா வழக்கில் 1996இல் தீர்ப்பு வந்தது. தனக்குத் தெரியாத மருத்துவ முறையைக் கையாள்பவர் போலி மருத்துவரே என்றும், அச்செயலே கவனக்குறைவுக்குச் சான்று என்றும் நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பு செவிலியருக்கு இருமுனைக் கத்தி. அக்குபஞ்சர் முறையாகப் பயிலாத செவிலியர் ஊசியை எடுத்தால், செவிலியர் பதிவு எண் அவரைக் காப்பாற்றாது. அதேபோல், அக்குபஞ்சர் கிளினிக் நடத்தும் செவிலியர் அங்கே மருந்து எழுதத் தொடங்கினால், தன் பணி எல்லையை மீறியவராகவே கருதப்படுவார். இரண்டு தகுதிகள் இருப்பதால் இரண்டையும் கலந்து மூன்றாவது ஓர் உரிமை பிறந்துவிடுவதில்லை.

நிறுவனப் பதிவிலும் இதே சிக்கல் உண்டு. 2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம் அலோபதி, ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, யோகா, இயற்கை மருத்துவம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுவிட்டு, மத்திய அரசு அங்கீகரிக்கும் பிற முறைகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் அச்சட்டத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. ஆயுஷ் குடையின் கீழும் அக்குபஞ்சர் தனி முறையாக இடம்பெறவில்லை. இயற்கை மருத்துவ, யோகப் பட்டப்படிப்பில் ஒரு பாடமாக அது கற்பிக்கப்படுகிறது, அவ்வளவே. விளைவாக, கிளினிக் தொடங்க விரும்பும் செவிலியர் எந்த அலுவலகத்தின் படியேறுவது என்பதே மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

அமெரிக்கா கண்ட வழி

அமெரிக்காவில் இரட்டைத் தகுதிக்கு உண்மையான பொருளாதார மதிப்பு வந்தது 2020 ஜனவரி 21 முதல்தான். ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்கு மக்கள் அடிமையாகும் நெருக்கடிக்கு மாற்று தேடிய மத்திய அரசு, மூத்த குடிமக்களுக்கான மெடிகேர் காப்பீட்டில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அக்குபஞ்சரைச் சேர்த்தது. 12 வாரங்களுக்கு மேல் நீடிக்கும், குறிப்பிட்ட நோய்க் காரணம் கண்டறியப்படாத வலிக்கு மட்டுமே இச்சலுகை. முதல் 90 நாட்களில் 12 அமர்வுகள். முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8. ஓராண்டில் 20க்கு மேல் இல்லை. பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

யார் செய்யலாம் என்ற விதியில்தான் செவிலியர் வருகிறார். நர்ஸ் பிராக்டிஷனர், மருத்துவர் உதவியாளர், துணைப் பணியாளர் ஆகியோர் அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் அக்குபஞ்சரில் முதுநிலை அல்லது முனைவர் பட்டமும், மாநிலத்தின் நடப்பு அக்குபஞ்சர் உரிமமும் பெற்றிருந்தால் இச்சேவையை அளிக்கலாம் என்கிறது அந்த விதி. செவிலியர் பட்டம் இருக்கிறது என்பதற்காக ஊசிப் பயிற்சியில் ஒரு மணிநேரமும் தள்ளுபடி இல்லை.

இதில் ஒரு முரண் பொதிந்துள்ளது. அக்குபஞ்சர் மட்டும் படித்தவரை மெடிகேர் ஒரு சுயேச்சை சேவையாளராகப் பதிவு செய்வதில்லை. அவர் மருத்துவர் அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் இயங்க வேண்டும். ஆனால் இரண்டு தகுதியும் கொண்ட நர்ஸ் பிராக்டிஷனர் தன் பெயரிலேயே கட்டணம் கோரலாம். பொதுவாக மருத்துவருக்கான கட்டணத்தில் 85 சதவீதம் அவருக்குக் கிடைக்கும். நோயைக் கண்டறிவது, மருந்தை மாற்றியமைப்பது, ஊசி செலுத்துவது, கணக்கு அனுப்புவது ஆகிய நான்கும் ஒருவரிடமே முடிகிறது. அங்கு இந்த இரட்டைப் பாதைக்குள்ள ஈர்ப்பின் காரணம் தத்துவமல்ல, இந்தக் கட்டண ஏற்பாடே.

விலையும் குறைவல்ல. நர்சிங் இளநிலை நான்காண்டுகள், நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலை இரண்டு முதல் மூன்றாண்டுகள், அக்குபஞ்சர் முதுநிலை சுமார் மூன்றாண்டுகள் எனக் கிட்டத்தட்ட பத்தாண்டு படிப்பு தேவைப்படுகிறது. கலிபோர்னியாவில் அக்குபஞ்சர் உரிமத்துக்கான பாடத்திட்டம் மட்டுமே 3,000 மணிநேரம். பிழைப்புக்கான வேலை நர்சிங்கிலும், மனநிறைவு அக்குபஞ்சரிலும் என்று வாரநாட்களைப் பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. இடைநிலை வழி ஒன்றும் இருக்கிறது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்குக் காதின் ஐந்து புள்ளிகளில் மட்டும் ஊசி செலுத்தும் 'நாடா' என்ற முறை நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் உருவானது. பல மாநிலங்கள் செவிலியர் உள்ளிட்டோர் சுமார் 70 மணிநேரப் பயிற்சியில் அதை மட்டும் செய்ய அனுமதிக்கின்றன.

அமெரிக்கா செல்லும் இந்தியச் செவிலியர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. இந்தியாவில் பெற்ற அக்குபஞ்சர் டிப்ளமோ அங்கே உரிமம் பெறப் போதுமானதாகிவிடாது. நர்சிங் உரிமத் தேர்வில் தேறியவர்கூட அக்குபஞ்சருக்கு அந்தந்த மாநிலத்தின் வாசலில் தனியாகத்தான் நிற்க வேண்டும்.

பிற நாடுகளின் பாடம்

பிரிட்டன் வேறு திசையில் யோசித்தது. தெளிவான காரணம் தெரியாமல் தொடரும் நாள்பட்ட வலிக்கு அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம் என்று அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2021 ஏப்ரலில் பரிந்துரைத்தது. ஆனால் நிபந்தனைகள் செலவைச் சுற்றியே பின்னப்பட்டுள்ளன. சமுதாய அளவிலான மையத்தில், அரசு ஊதிய அட்டவணையில் 7ஆம் நிலை அல்லது அதற்குக் கீழுள்ள பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர், மொத்தம் 5 மணிநேரத்துக்கு மிகாமல் அளிக்க வேண்டும் என்கிறது அப்பரிந்துரை. அனுபவமிக்க செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் வரும் ஊதிய நிலை அதுதான். மருத்துவரின் நேரத்தைச் செலவிட்டால் கட்டுப்படியாகாத சிகிச்சை, செவிலியர் செய்தால் கட்டுப்படியாகும் என்பது இதன் உட்பொருள்.

ஆஸ்திரேலியா 2012 ஜூலை முதல் 'அக்குபஞ்சரிஸ்ட்' என்ற பட்டப்பெயரைச் சட்டப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. உரிய பதிவோ ஒப்புதலோ இன்றி அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ள முடியாது. இந்தியாவுக்கு எளிதில் பொருந்தக்கூடிய ஏற்பாடு இதுவாக இருக்கலாம். உத்தியை முழுமையாகத் தடை செய்யாமல், நோயாளிக்கு எதிரில் இருப்பவர் யார் என்பதைத் தெளிவாக்குகிறது அது.

சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

இரட்டைத் தொழில் பற்றிய எந்த விவாதமும் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது. அக்குபஞ்சர் பலன் தருகிறதா?

ஜெர்மனியில் கீழ்முதுகு வலியுள்ள 1,162 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வின் முடிவு இதில் மிகவும் யோசிக்க வைப்பது. மரபான புள்ளிகளில் ஊசி பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதங்களில் முன்னேற்றம் தெரிந்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி பெற்றவர்களில் அது 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் மட்டுமே. உண்மை ஊசிக்கும் பொய் ஊசிக்கும் பெரிய வேறுபாடில்லை; ஆனால் இரண்டுமே வழக்கமான சிகிச்சையைவிடக் கணிசமாக மேலாக இருந்தன. ஜெர்மனி அதே ஆண்டில் முதுகு, முழங்கால் வலிகளுக்கு அக்குபஞ்சரைப் பொதுக் காப்பீட்டில் சேர்த்தது.

ஆதரிப்போர் இதைப் பலனுக்குச் சான்றாகக் காட்டுகின்றனர். எதிர்ப்போர் இதையே எதிர்பார்ப்பின் விளைவு என்கின்றனர். ஒற்றைத் தலைவலியைத் தடுப்பது, அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலைக் குறைப்பது ஆகியவற்றில் காக்ரேன் மதிப்பாய்வுகள் ஓரளவு சாதகமான முடிவுகளைத் தந்துள்ளன. குமட்டலுக்கு மணிக்கட்டின் உட்புறமுள்ள 'பெரிகார்டியம் 6' என்ற புள்ளியைத் தூண்டும் முறை மயக்கவியல் துறையிலேயே ஆராயப்பட்டது. மறுபுறம், புற்றுநோயையோ சர்க்கரை நோயையோ ரத்த அழுத்தத்தையோ மருந்தின்றி ஊசியால் மட்டும் குணப்படுத்தலாம் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது.

செவிலியரின் பலம், செவிலியரின் ஆபத்து

செவிலியர் ஒருவர் இத்தொழிலுக்குக் கொண்டுவரும் முதல் பலம் பாதுகாப்பு. பிரிட்டனில் 2001இல் வெளியான இரு பெரும் கணக்கெடுப்புகள் முறையே 34,000, 32,000 அமர்வுகளைப் பின்தொடர்ந்து, கடுமையான பாதிப்பு எதுவும் பதிவாகவில்லை என்று கண்டன. ஆனால் அவை பயிற்சி பெற்ற நிபுணர்கள், மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்டுகள் நடத்தியவை. தோள்பட்டை, மார்பு, முதுகுப் பகுதிகளில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் உறையில் காற்று புகுந்து மூச்சுத்திணறல் ஏற்படலாம். ஊசியை மறுபடி பயன்படுத்தினால் மஞ்சள் காமாலை வைரஸ்கள் பரவலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, துளைபடாத வெள்ளைக் கொள்கலன், 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் ஆகியவை செவிலியருக்கு அன்றாடப் பழக்கம்.

இரண்டாவது பலம், ஊசி போடக்கூடாத நோயாளியை அடையாளம் காண்பது. முதுகுவலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடை இழப்பு, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை சேர்ந்தால் அது அக்குபஞ்சருக்கான வலி அல்ல. உடனடியாக மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர், பேஸ்மேக்கர் பொருத்தியவர், கர்ப்பிணி ஆகியோரிடம் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையும் அவருக்குப் புதிதல்ல.

ஆபத்தும் இதே நம்பகத்தன்மையிலிருந்துதான் பிறக்கிறது. வெள்ளைச் சீருடை மீதுள்ள மதிப்பை நோயாளி ஊசிக்கும் சேர்த்தே மாற்றிக்கொள்கிறார். 'சிஸ்டரே சொல்லிவிட்டார்' என்று இன்சுலினை நிறுத்தும் நோயாளிக்கு நேரும் தீங்கு, சாதாரண அக்குபஞ்சர் மையத்தில் நேருவதைவிடக் குறைவாக இருக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொடும் முறையும் 'அக்குபஞ்சர்' என்ற பெயரிலேயே பரவியுள்ளது. அதைப் பின்பற்றுவோரில் ஒரு பகுதியினர் மருந்து, தடுப்பூசி ஆகியவற்றையே நிராகரிக்கின்றனர். தடுப்பூசி போடுவதைத் தன் அன்றாடப் பணியாகக் கொண்ட செவிலியர், அத்தகைய கருத்தோடு ஒரே நாற்காலியில் அமர முடியாது. எந்த அக்குபஞ்சர் என்ற கேள்விக்கு அவர் முதலில் தனக்குத்தானே விடை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பணி விதிகளும் குடும்பக் கணக்கும்

அரசுப் பணியிலுள்ள செவிலியருக்கு மற்றொரு தடை உண்டு. 1964ஆம் ஆண்டின் மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், அரசின் முன் அனுமதியின்றி வணிகத்திலோ வேறு வேலையிலோ ஈடுபடுவதைத் தடுக்கின்றன. மாலை நேர கிளினிக் என்ற யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கு நியமன ஒப்பந்தமே எல்லை.

எனினும், இந்த ஆர்வத்துக்குப் பின்னால் உள்ள காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. இரவுப் பணி, குறைந்த ஊதியம், மருத்துவமனை அடுக்கில் மேலே செல்ல வழியின்மை ஆகியவற்றால் சோர்ந்த அனுபவமிக்க செவிலியர்கள் வெளிநாடு செல்கின்றனர், அல்லது தொழிலையே விடுகின்றனர். ஒரு நோயாளியோடு அரை மணிநேரம் அமைதியாக அமர்ந்து பேச இடமளிக்கும் பணி அவர்களை ஈர்ப்பதில் வியப்பில்லை. அந்த ஈர்ப்புக்குச் சரியான வடிகால் இல்லாதபோது, கேள்வி கேட்காத சான்றிதழ் வகுப்புகள் அந்த இடத்தை நிரப்புகின்றன. செலவழித்த பணத்துக்குச் சட்ட மதிப்பு இல்லை என்பது பல நேரங்களில் படிப்பு முடிந்த பிறகே தெரிய வருகிறது.

எல்லைக்கோடு எப்படி இருக்கலாம்?

உலக அனுபவத்திலிருந்து மூன்று மாதிரிகள் கிடைக்கின்றன. முதலாவது, முழு இரட்டைத் தகுதி. அக்குபஞ்சரில் முழுப் படிப்பும் தனிப் பதிவும் பெற்ற செவிலியர் இரண்டையும் நடத்தலாம். மேற்கு வங்கம், மகாராஷ்டிரம் போன்று பதிவேட்டுக்குச் சட்டமுள்ள மாநிலங்களில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது, வரையறுத்த பயன்பாடு. அறுவைக்குப் பிந்தைய குமட்டல், மகப்பேற்று வலி, போதை மீட்பு என ஒருசில நிலைகளுக்கு மட்டும், குறுகிய பயிற்சியுடன், மருத்துவமனைக்குள் நெறிமுறைப்படி செய்வது. தீவிர சிகிச்சை, மகப்பேறு ஆகிய இரண்டு துறைகளில் மட்டுமே நர்ஸ் பிராக்டிஷனர்கள் உள்ள இந்தியாவுக்கு இது இயல்பாகப் பொருந்தும். மூன்றாவது, கூட்டுப் பணி. செவிலியர் நோயாளியை மதிப்பிட்டு, பதிவுபெற்ற அக்குபஞ்சர் நிபுணரிடம் அனுப்பி, பலனைக் கண்காணிப்பது. இதில் இரண்டாவது பட்டம் தேவையில்லை.

எந்த மாதிரியைத் தேர்ந்தாலும் சில விதிகள் பொதுவாக வேண்டியிருக்கும். குறைந்தபட்சப் பயிற்சி மணிநேரம், பொதுத் தேர்வு, யாரும் பார்க்கக்கூடிய பதிவேடு, தொழில் பொறுப்புக் காப்பீடு, நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், எந்த நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது என்ற பட்டியல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. மெடிகேர் விதியில் உள்ள ஒரு வரி இந்தியாவுக்கும் உகந்தது: பலன் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். எத்தனை அமர்வுக்குப் பின் மதிப்பிடுவது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லும் சிகிச்சையாளர், நோயாளியின் பணத்தையும் நேரத்தையும் மதிப்பவர்.

விதிகள் வரும்வரை நோயாளி செய்யக்கூடியதும் உண்டு. சிகிச்சையாளரின் செவிலியர் பதிவு எண், அக்குபஞ்சர் எங்கே எத்தனை காலம் பயின்றார் என்ற விவரம், ஊசி புதிய உறையிலிருந்து எடுக்கப்படுகிறதா என்பது ஆகிய மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தை நிறுத்தச் சொன்னால், அம்மருந்தை எழுதிய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முறையாகப் பயின்ற செவிலியர் இக்கேள்விகளால் புண்படமாட்டார். மருத்துவமனையில் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் நோயாளியின் பெயரையும் மருந்தின் பெயரையும் சரிபார்த்துப் பழகியவர் அவர்.